பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள்

தெரபிஸ்டை வாரம் இருமுறை பார்ப்போம், மருத்துவரை மாதம் ஒருமுறை. பிள்ளை நாளுக்கு ஆறேழு மணி நேரம் இருப்பது பள்ளியில்தான். அறிக்கையில் ஆட்டிசம், ஏடிஹெச்டி, டிஸ்லெக்சியா என்று எந்தப் பெயர் இருந்தாலும், அந்த ஆறேழு மணி நேரம் எப்படிக் கழிகிறது என்பதைப் பொறுத்தே பிள்ளையின் படிப்பும் தன்னம்பிக்கையும் அமைகின்றன. பெற்றோர் அதிகம் தயங்குகிற இடமும் அதுவே. தெரபி மையத்தில் விலாவாரியாகப் பேசுகிற அம்மா, தலைமையாசிரியர் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து "கொஞ்சம் பார்த்துக்கங்க மிஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறார்.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியரால் எதுவும் செய்ய முடியாது. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் எதைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது? மறுவாரம் அவர் மறந்துவிட்டால் அதைச் சுட்டிக்காட்டவும் உங்களுக்கு வழியில்லை. அதனால் பிள்ளைக்கு என்ன வேண்டும், எந்த நேரத்தில் வேண்டும் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். அதை எழுத்தில் கொடுங்கள். பதிலையும் எழுத்தில் கேளுங்கள். சட்டம் நம் பக்கம் இருக்கிறது. ஆனால் கையில் ஒரு தாள்கூட இல்லாமல் போனால் எந்தச் சட்டமும் உதவிக்கு வராது.

முதலில் கவனித்து எழுதுங்கள்

கடிதம் எழுதுவதற்கு முன் ஒரு நோட்டு போடுங்கள். இரண்டு வாரம் போதும். தேதி, நேரம், என்ன நடந்தது, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, பிறகு எப்படி அடங்கியது என்று எழுதி வாருங்கள். பள்ளியில் நடப்பது உங்களுக்குத் தெரியாது. ஆனால் ஆசிரியர் டைரியில் எழுதும் குறிப்பு, மிச்சம் வரும் டிபன் பாக்ஸ், பாதியில் நிற்கும் வகுப்பு நோட்டு, வேன் ஓட்டும் அண்ணன் சொல்வது எல்லாமே தகவல்தான்.

"கணக்கில் கவனமே இல்லை" என்று ஆசிரியர் எழுதியிருப்பார். நோட்டைத் திறந்து பாருங்கள். கரும்பலகையைப் பார்த்து எடுத்தெழுதிய கணக்கு மூன்றாவது வரியில் நிற்கிறது. 36 என்பது 63 ஆகியிருக்கிறது. அதே கணக்கை இரவில் நீங்கள் வாயால் கேட்டால் விடை சொல்லிவிடுகிறான். அப்படியானால் அவனுக்குக் கணக்கு வராமல் இல்லை. பார்த்து எழுதுவதில்தான் சிக்கல். "திடீர்னு கத்துறா, எல்லாரையும் தள்ளிவிடுறா" என்று இன்னொரு பிள்ளையைப் பற்றிப் புகார் வரும். நேரத்தைக் குறித்துப் பார்த்தால் எல்லாம் இடைவேளை மணி அடிக்கும் நேரமாக இருக்கும். மணி அந்த வகுப்பு வாசலிலேயே தொங்குகிறது. அவளை வேறு வரிசைக்கு மாற்றுவதும், மணிக்கு இரண்டு நிமிடம் முன்பு ஒரு சைகை காட்டுவதும் பாதிப் புகாரைக் குறைத்துவிடும்.

இந்த வேலையை வேறு யாரும் உங்களுக்காகச் செய்ய மாட்டார்கள். உளவியலாளர் பிள்ளையைப் பார்ப்பது சில மணி நேரம்தான். அவருடைய அறிக்கை கட்டாயம் வேண்டும். அதை எழுதுபவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளராக இருக்கட்டும், பதிவு எண் அறிக்கையில் இருக்கட்டும். பல அறிக்கைகளில் கடைசிப் பக்கத்தில் பரிந்துரைகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி அச்சாகியிருக்கும். உங்கள் நோட்டைக் காட்டி, "வகுப்பறைக்கு என்ன வேண்டும் என்று தனியாக நாலு வரி எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். அந்த நாலு வரியைத்தான் நீங்கள் பள்ளியிடம் பேசும்போது திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டுவீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அவற்றில் இல்லை. அதற்குப் பதிலாக வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 அதை 21 ஆக விரித்து, இரண்டையும் சேர்த்தது. அதன் 16ஆம் பிரிவை அவசியம் படித்து வைத்துக்கொள்ளுங்கள். அரசு நிதி பெறும் பள்ளிகளோடு அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கும் அது பொருந்தும். பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்வது, ஒவ்வொரு பிள்ளையின் தேவைக்கேற்ப நியாயமான ஏற்பாடுகளைச் செய்வது, கற்றல் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிப்பது, பிள்ளையின் முன்னேற்றத்தைக் கண்காணிப்பது ஆகியவை பள்ளியின் கடமை. "எங்கள் பள்ளியில் இந்த வசதி இல்லை" என்பது அந்தப் பிரிவுக்குப் பதிலாகாது. 17ஆம் பிரிவு தேர்வைப் பற்றியும் பேசுகிறது: கூடுதல் நேரம், சொல்வதை எழுதும் உதவியாளர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாடங்களிலிருந்து விலக்கு.

கல்வி உரிமைச் சட்டம் 2009 இன்னொரு துணை. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. சேர்க்கையின்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, நேர்காணல் என்று வடிகட்டல் வைக்கக் கூடாது என்கிறது அதன் 13ஆம் பிரிவு. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது 16ஆம் பிரிவு. அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது. ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளைகளுக்கு இந்தப் பிரிவுதான் அதிகம் தேவைப்படுகிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பள்ளிகளிடம் பேசும்போது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டுங்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு வருவோம். குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று மருத்துவக் குழு சான்றளித்தால் பல சலுகைகளுக்கு வழி திறக்கும்: 18 வயது வரை இலவசக் கல்வி, உயர்கல்வியில் 5 சதவீத இட ஒதுக்கீடு, உதவித்தொகைகள். இதற்கான யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழிகாட்டுவார்கள். ஆட்டிசத்தை அளக்க ‘இசா’ என்ற இந்திய அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள்; 40 கூறுகளுக்கு மதிப்பெண் போட்டு லேசானது, மிதமானது, கடுமையானது என்று பிரிப்பார்கள். புது இடத்தில் பிள்ளை அன்று அமைதியாக இருந்துவிட்டால் உண்மை நிலை தெரியாமல் போகும். வீட்டிலும் தெருவிலும் எடுத்த வீடியோக்கள் இரண்டு மூன்றைக் கைபேசியில் கொண்டுபோங்கள். கற்றல் குறைபாட்டுக்குப் பொதுவாக எட்டு வயதுக்கு முன் சான்றளிப்பதில்லை.

ஆனால் சான்றிதழ் வரட்டும் என்று பள்ளியிடம் பேசாமல் இருக்காதீர்கள். 40 சதவீதம் என்பது சலுகைகளுக்கான வரம்பு. நியாயமான ஏற்பாட்டைக் கேட்க அந்த வரம்பைத் தாண்ட வேண்டியதில்லை. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒருவர், குடிமைப் பணித் தேர்வில் உதவியாளர் கேட்டு வழக்குப் போட்டார். அவர் அந்த வரம்புக்குள் வரவில்லை. ஆனாலும் உதவியாளர் கொடுக்கத்தான் வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில், டிஸ்கிராஃபியா என்ற எழுதுவதில் சிரமம் உள்ள மாணவி ஒருவருக்கு நீட் தேர்வில் கூடுதல் நேரம் மறுக்கப்பட்ட வழக்கிலும் இதையே மறுபடி வலியுறுத்தியது. இந்த இரண்டு தீர்ப்புகளையும் உங்கள் கோப்பில் அச்செடுத்து வையுங்கள்.

ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு இது மிக முக்கியம். அந்த 21 வகைப் பட்டியலில் ஏடிஹெச்டி இல்லை. இது பெரிய குறை, திருத்தப்பட வேண்டிய குறை. எத்தனையோ பெற்றோர் அட்டைக்காக அலைந்து, "இது லிஸ்ட்ல இல்லீங்க" என்ற பதிலோடு திரும்புகிறார்கள். அவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஏடிஹெச்டியோடு கற்றல் குறைபாடும் சேர்ந்திருப்பது சகஜம். அதையும் மதிப்பிடச் சொல்லுங்கள், இருந்தால் அதன் பெயரில் சான்றிதழ் கிடைக்கும். இல்லையென்றால் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவில் மாற்றுத்திறனாளி என்பதற்குத் தரப்பட்டிருக்கும் விளக்கத்தைப் பாருங்கள். நீண்டகாலப் பாதிப்பு இருந்து, சுற்றியுள்ள தடைகளால் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க முடியாமல் போகிறவர் என்று அது விரிவாகவே சொல்கிறது. கடிதத்தில் அதைக் குறிப்பிட்டு, மருத்துவரின் அறிக்கையை இணைத்துக் கேளுங்கள்.

கடிதம்

நியாயமான ஏற்பாடு என்பதற்கும் சட்டத்தில் வரையறை உண்டு: எதிர்த்தரப்புக்கு அளவுக்கு மீறிய சுமை ஆகாத மாற்றம். அதனால் முதல் கடிதத்தில் செலவில்லாத, இன்றே தொடங்கக்கூடிய மூன்றைக் கேளுங்கள். பதினைந்து கோரிக்கைகள் போட்டால் எதுவும் நடக்காது. மூன்றாம் வகுப்பில் படிக்கும் டிஸ்லெக்சியா உள்ள பையனுக்கு இப்படி எழுதலாம்:

"பெறுநர்: தலைமையாசிரியர் அவர்கள். பொருள்: மூன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் படிக்கும் என் மகனுக்கு வகுப்பறையில் தேவைப்படும் ஏற்பாடுகள் தொடர்பாக.

அம்மா, என் மகனுக்கு டிஸ்லெக்சியா இருப்பதாக மருத்துவ உளவியலாளர் மதிப்பிட்டிருக்கிறார். அறிக்கையின் நகலை இணைத்துள்ளேன். வாயால் கேட்டால் பாடத்தை நன்றாகச் சொல்கிறான். கரும்பலகையைப் பார்த்து எழுதத்தான் அதிக நேரம் ஆகிறது. எனவே, பலகைக்கு நேராக முன்வரிசையில் இடம் தரவும், பலகையில் எழுதுவதை அவன் முடிக்காதபோது வகுப்புத் தோழரின் நோட்டைப் படமெடுத்து எங்களுக்கு அனுப்பவும், வகுப்புத் தேர்வில் பதினைந்து நிமிடம் கூடுதலாகத் தந்து எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காமல் இருக்கவும் கேட்டுக்கொள்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16இன்படி இதைக் கேட்கிறேன். ஆறு வாரம் கழித்து வகுப்பாசிரியரைச் சந்தித்து முன்னேற்றத்தைப் பேச ஒரு நாள் ஒதுக்கித் தாருங்கள். இந்தக் கடிதத்துக்குத் தங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்."

அவ்வளவுதான். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். குழந்தை பிறந்த கதை, வீட்டுக் கஷ்டம் எதுவும் இதில் வேண்டாம்; கெஞ்சலும் வேண்டாம், மிரட்டலும் வேண்டாம். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். "மேடம் இல்லை, வச்சுட்டுப் போங்க, முத்திரையெல்லாம் போட முடியாது" என்றால் வாதாடாமல் வெளியே வந்து, ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். பள்ளியின் மின்னஞ்சலுக்கும் ஒரு நகல் போகட்டும்.

சந்திப்பு

சந்திப்புக்குத் தனியாகப் போகாதீர்கள். அப்பாவும் வரட்டும். பெரும்பாலான வீடுகளில் பள்ளிக்குப் போவது அம்மாவின் வேலையாகிவிடுகிறது, அந்த அம்மா திரும்பி வந்ததும் "என்ன சொன்னாங்க?" என்ற கேள்விக்கும் அவரே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பாவால் முடியாவிட்டால் சித்தியோ மாமாவோ நண்பரோ வந்து பேசாமல் உட்கார்ந்து குறிப்பு எடுத்தால் போதும்.

முதல் கேள்வியை ஆசிரியரிடம் கேளுங்கள்: "எந்த நேரத்துல, எந்தப் பாடத்துல அவன் நல்லா இருக்கான் மிஸ்?" இந்தக் கேள்வியை அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். யோசித்துச் சொல்லும் பதிலில் பயன்படும் தகவல் இருக்கும். பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய நெருக்கடியும், நோட்டுத் திருத்தும் வேலையும், சரியான பயிற்சி கிடைக்காத குறையும் ஆசிரியருக்கு இருக்கின்றன. நல்ல மனமுள்ள ஆசிரியர்கள் நிறைய பேர்; இன்னதைச் செய்யுங்கள் என்று யாரும் தெளிவாகச் சொல்லாததால் தடுமாறுகிறார்கள். அவர்களை உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசுப் பள்ளியென்றால் வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநரும் சந்திப்பில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பிள்ளைக்கென்று தனிக் கல்வித் திட்டம் தயாரிப்பது அவர் பணிகளில் ஒன்று. அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். "வாசிப்பில் முன்னேற்றம் காண வேண்டும்" என்று எழுதியிருந்தால் அது இலக்கு ஆகாது. "டிசம்பருக்குள் இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்கள் இருபதை உதவியில்லாமல் வாசிப்பான்" என்று இருந்தால் டிசம்பரில் சரிபார்க்க முடியும். ஒரு பயிற்றுநர் பல பள்ளிகளுக்கு அலைவதால் வாரத்தில் எந்த நாள் வருகிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கப் பள்ளியில் இத்தகைய பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற விகிதம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் சொன்னது. ஆள் போதவில்லை என்றால் அந்த விகிதத்தைச் சுட்டிக்காட்டி, மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்குப் பெற்றோர்கள் சேர்ந்து எழுதலாம். ஒருவர் எழுதுவதைவிட எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டு எழுதுவதற்கு மதிப்பு அதிகம்.

தனியார் பள்ளிகளில் வேறொரு பேச்சு வரும்: "நீங்களே ஒரு ஷேடோ டீச்சர் போட்டுடுங்க, சம்பளம் நீங்க குடுத்துடுங்க." சில பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் தேவைதான். ஆனால் பள்ளியில் இருக்க அதுதான் நிபந்தனை என்றால் சம்மதிக்க வேண்டியதில்லை. ஏற்பாடு செய்யும் கடமை பள்ளியுடையது. எதற்காக, எந்தப் பாடவேளைக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நாள் முழுக்க ஒருவர் ஒட்டிக்கொண்டே இருந்தால் பிள்ளை தோழர்களிடமிருந்து விலகிப்போகும், வகுப்பாசிரியரும் அவனைத் தன் மாணவனாக எண்ணுவதை நிறுத்திவிடுவார் என்பது என் கவலை.

அன்று மாலையே ஒரு செய்தி அனுப்புங்கள்: "இன்று பேசியதில் நாங்கள் புரிந்துகொண்டவை இவை. விட்டுப்போனது இருந்தால் சொல்லுங்கள்." பள்ளி மறுத்து எழுதாவிட்டால், பேசியதற்கு அதுவே பதிவு.

"டிசி வாங்கிக்குங்க"

இதை எழுத்தில் எந்தப் பள்ளியும் தருவதில்லை. அக்கறையான குரலில், "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், ஸ்பெஷல் ஸ்கூல்ல போட்டா நல்லா வருவான்" என்று சொல்வார்கள். சிறப்புப் பள்ளி சில பிள்ளைகளுக்குப் பொருத்தமான தேர்வுதான். அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது, பள்ளியுடையது அல்ல. இந்தப் பேச்சு வந்தால் அன்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மாற்றுச் சான்றிதழ் விண்ணப்பத்தில் பெற்றோரே கேட்டுக்கொண்டதாகத்தான் வாசகம் இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டால் வெளியேற்றியதாக நிரூபிப்பது கடினம். "நீங்க சொல்றத எழுத்துல குடுங்க, வீட்ல கலந்து பேசிட்டு வர்றோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். பெரும்பாலும் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

நிற்காவிட்டால் மேலே போக வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. முதலில் அதில் புகாரைப் பதியலாம். அடுத்து மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் புகார். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடி, அவமதிப்பு, வெளியேற்றம் என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதலாம். இவை எதிலும் தீராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார். விசாரணைக்கு ஆட்களை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரத்தைச் சட்டம் அவருக்குத் தந்திருக்கிறது. ஒவ்வொரு படியிலும் முந்தைய கடிதத்தின் நகலைச் சேருங்கள். உங்கள் புகார் என்ன ஆயிற்று என்று தெரியவில்லையா? பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கல்வி அலுவலகத்திடம் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

பொதுத்தேர்வு

பத்தாம் வகுப்புச் சலுகைகளுக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே வேலையைத் தொடங்குங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் கற்றல் குறைபாடுள்ள மாணவருக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாடம் ஒன்றிலிருந்து விலக்கு ஆகியவற்றைக் கேட்கலாம். தலைமையாசிரியர் வழியாகத்தான் விண்ணப்பம் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போகும். சிபிஎஸ்இயில் ஒரு மணிக்கு இருபது நிமிடம் வீதம் கூடுதல் நேரம். ஒன்பதாம் வகுப்புப் பதிவின்போதே பிள்ளையின் பெயருக்கு எதிரே விவரம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று நேரில் பாருங்கள். உதவியாளரை வைத்து எழுதுவது பழகினால்தான் வரும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளை அப்படியே எழுதட்டும். மனத்தில் உள்ளதை வரிவரியாகச் சொல்லி எழுத வைப்பது பெரியவர்களுக்கே கடினம்.

ஆறாம் ஏழாம் வகுப்புக்கு வந்ததும் பிள்ளையையும் இந்தப் பேச்சில் சேருங்கள். தனக்கு என்ன இருக்கிறது, எது உதவுகிறது என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "மிஸ், எனக்கு இன்னொரு தடவை மெதுவா சொல்றீங்களா?" என்ற ஒரு வரியை வீட்டில் சொல்லிப் பழகட்டும். பேச்சு வராத பிள்ளையென்றால் அட்டையில் எழுதி மேசையில் ஒட்டலாம். ஜூன் மாதம் புது வகுப்பாசிரியருக்குக் கொடுக்கும் கடிதத்தை அனுப்புமுன் அவளிடம் வாசித்துக் காட்டுங்கள். சிலர் முன்வரிசை வேண்டாம் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர் சத்தம் போடுவது அவர்களைப் பதறவைக்கும், கடைசி வரிசையில் சுவரோரம்தான் பாடம் காதில் விழும். அப்படிச் சொன்னால் கடிதத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, அவள் சொன்னதை எழுதுங்கள்.